மனச்சோர்வும் சொற்கணக்கும்

நமது மக்களுக்குள் உடம்புக்கு வரும் நோய்க்கு ஒரு நியாயமும், மனதுக்கு வரும் நோய்க்கு வேறொரு நியாயமும் வெகுகாலமாக இருந்து வருகின்றன. காலில் முள் குத்தினால் முள்ளை எடுக்கிறோம். காய்ச்சல் கண்டால் ஆசாரிபள்ளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். ஆனால், வீட்டில் ஒரு பெண் பத்துப் பதினைந்து நாளாகச் சரியாய்ச் சாப்பிடாமலும் தூங்காமலும், யாரோடும் முகங்கொடுத்துப் பேசாமலும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், 'எது பிடித்ததோ, யார் வைத்ததோ' என்று ஆரம்பித்து விடுகிறோம். அந்த வீடு இந்து வீடாயிருந்தால் கோமரத்தாடியிடம் குறி கேட்பார்கள். கிறிஸ்தவர் வீடாயிருந்தால் பிசாசு ஓட்டும் ஜெபக் கூட்டத்துக்கு அழைத்துப் போவார்கள். முஸ்லிம் வீடாயிருந்தால் ஓதி ஊதித் தகடு கட்டுவார்கள். மதம் மூன்றானாலும் செய்யும் காரியம் ஒன்றுதான். அந்தப் பெண் வாய் திறந்து சொல்லும் சொல்லை மாத்திரம் ஒருவரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அவள் அழுதால் பேய் அழுகிறது என்கிறார்கள். அவள் கோபித்தால் பேய் கோபிக்கிறது என்கிறார்கள். அவளுக்கென்று ஒரு வார்த்தைகூட மிச்சம் வைப்பதில்லை.

இது எழுத்தறியாத நாட்டின் கதையா என்றால் அல்ல. 2011ஆம் வருஷ ஜனக் கணக்கில், தமிழ்நாட்டு ஜில்லாக்களிலெல்லாம் படித்தவர் தொகையில் முதலாவதாக வந்தது நமது கன்னியாகுமரி ஜில்லா, 100க்கு 91.75 பேர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். ஆகவே, எழுத்துக் கற்பது வேறு, அறிவைக் கொண்டு காரியத்தைப் பார்ப்பது வேறு என்பதற்கு வெளியூர் போய் சாட்சி தேட வேண்டியதில்லை.

மனநோயாளியின் சொல்லைக் கேளாததன் முடிவு எதுவரை போகும் என்பதற்கு ஏர்வாடி ஒன்றே போதும். 2001ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6ந் தேதி, இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்க வைத்திருந்த ஒரு தனியார் விடுதிக் கொட்டகையில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் வெந்து மாண்டார்கள். சங்கிலியை அவிழ்க்கும்படி அவர்கள் கூவியிருப்பார்களா மாட்டார்களா? அதற்கு முந்தின நாளும் கூவியிருப்பார்கள். முந்தின மாதமும் கூவியிருப்பார்கள். பைத்தியத்தின் கூச்சலுக்கு அர்த்தமில்லையென்று உலகம் முடிவு செய்திருந்தது. பிறகு 2017ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த விதத்திலும் கூடாதென்று தடுத்தது. சட்டத்தினால் காலிலிருந்த சங்கிலிக்குத் தடை வந்தது. வாயிலிருக்கும் சங்கிலியை எடுக்க வேண்டியவர்கள் நாம்.

நிற்க. இன்று நாம் எழுத வந்த விஷயம், சங்கிலியளவுக்குப் போகாத, ஆனால் அதைவிட அதிகம் பேரைப் பிடித்திருக்கிற மனச்சோர்வு என்னும் நோயைப் பற்றியதாகும். துக்கம் எல்லோருக்கும் வரும், போகும். மனச்சோர்வென்பது இரண்டு வாரத்துக்கு மேலாக அநேகமாக நாள் முழுதும் மனம் அமிழ்ந்து கிடப்பது; பிடித்த காரியத்தில் பிடிப்பில்லாமை, தூக்கம் கெடுதல், பசி கெடுதல், உடம்பு ஓய்ந்துபோதல், தான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம், முற்றினால் சாகலாம் என்ற எண்ணம் இவைகள் அதன் அடையாளம். பெங்களூர் நிம்ஹான்ஸ் என்னும் மனநல ஸ்தாபனம் 2015-16ல் தமிழ்நாடு உள்பட 12 மாகாணங்களில் எடுத்த கணக்கின்படி, வயது வந்தவர்களில் ஏறக்குறைய 20 பேருக்கு ஒருவர் ஆயுளில் ஒரு தடவையாவது இந்நோயில் விழுகிறார். விழுந்தவர்களில் 100க்கு 85 பேர் எந்த வைத்தியமும் பெறவில்லை. இத்தனைக்கும் இது வைத்தியத்துக்குக் கட்டுப்படுகிற நோய். மருந்து உண்டு. மருந்தோடு சேர்ந்தோ, நோய் லேசாயிருந்தால் மருந்தில்லாமலோ, பேச்சினாலேயே செய்யும் வைத்தியமும் உண்டு.

பேச்சு வைத்தியம் என்றதும் சிலர் சிரிக்கக்கூடும். மந்திரவாதியும் பேசுகிறான், வைத்தியரும் பேசுகிறார், இரண்டுக்கும் என்ன பேதம் என்று கேட்கக்கூடும். பேதம் என்னவென்றால், மந்திரவாதியின் பேச்சு நோயாளிக்கு விளங்கக் கூடாது. விளங்கினால் மகிமை போய்விடும். வைத்தியரின் பேச்சோ நோயாளிக்கு விளங்கினாலொழியப் பலிக்காது. 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்று நோயாளி சொன்னால், 'எதைக் கொண்டு அப்படிச் சொல்லுகிறாய்? நேற்று நீ செய்த காரியங்களை எண்ணிச் சொல் பார்ப்போம்' என்று கேட்டு, தப்பான எண்ணத்தை அத்தாட்சியோடு ஒத்துப் பார்க்க நோயாளிக்கே கற்றுக்கொடுப்பதுதான் அதன் முறை. சுருக்கமாய்ச் சொன்னால், நோயாளி தன் பகுத்தறிவைத் தானே திரும்பப் பெறும்படி செய்வது.

இந்த வைத்தியம் இப்பொழுது நேரில் போய் உட்கார்ந்துதான் பெற வேண்டும் என்றில்லை. சென்னையிலுள்ள ஸ்கார்ப் என்னும் மனநல ஆராய்ச்சி ஸ்தாபனம் 2010லேயே ஒரு பஸ்ஸில் சாதனங்களை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், அங்கிருப்பவர் சென்னை டாக்டரோடு படத்தில் பார்த்துப் பேசும்படி செய்தது. 2022ஆம் வருஷம் அக்டோபர் 10ந் தேதி இந்திய சர்க்கார் 'டெலி மானஸ்' என்ற பெயரில் 14416 என்னும் இலவச டெலிபோன் எண்ணை ஏற்படுத்தினார்கள். தமிழிலேயே பேசலாம். 2025ஆம் வருஷ நடுப்பகுதிக்குள் நாடு முழுவதிலும் இந்த எண்ணுக்கு வந்த அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டன. மேல்நாடுகளில் இன்னும் ஒரு படி மேலே போய், நோயாளி செல்போனிலோ கம்ப்யூட்டரிலோ எழுத, வைத்தியர் எழுத்திலேயே பதில் சொல்ல, இப்படி இன்டர்நெட் வழியாகக் கடிதப் போக்குவரத்துப் போல் வைத்தியம் நடக்கிறது.

இதில்தான் ஒரு புதிய சங்கதி பிறந்திருக்கிறது. நேரில் பேசிய பேச்சு காற்றோடு போய்விடும். எழுதிய பேச்சு அப்படியே இருக்கும். இருக்கிறதை எண்ணலாம், எண்ணினால் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்க்கலாம். இங்கிலாந்தில் 2012 முதல் 2018 வரை இப்படி எழுத்தில் நடந்த வைத்தியத்தை ஆராய்ந்தவர்கள், ஏறக்குறைய 15,000 நோயாளிகளின் 90,000 மணி நேரத்துக்கு மேற்பட்ட சம்பாஷணைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மனிதன் தினம் 8 மணி நேரம், வருஷத்தில் 300 நாள் படிப்பதானாலும், இதைப் படித்து முடிக்க 37 வருஷத்துக்கு மேலாகும். ஆதலால் இந்த வேலையைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தார்கள். எப்படிக் கொடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் மனிதர்கள் உட்கார்ந்து, ஒரு பகுதிப் பேச்சை வரிவரியாய்ப் படித்து, வைத்தியர் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் என்ன வகை என்று 24 வகையாகப் பிரித்துக் குறித்தார்கள். இது பாராட்டு, இது அடுத்த வாரத்துக்குக் கொடுத்த வேலை, இது வெறும் ஊர்ப்பேச்சு என்பது போல. அந்த மாதிரிகளைக் காட்டி யந்திரத்தைப் பழக்கினார்கள். பிறகு மீதியை யந்திரம் பிரித்தது.

கண்டது என்ன? வைத்தியர் அன்றைக்குப் பேச வேண்டியதை முன்கூட்டித் திட்டம் செய்துகொண்ட இடத்திலும், எண்ணத்தை மாற்றும் முறைகளை உண்மையிலேயே கையாண்ட இடத்திலும், நோயாளி செய்த முயற்சியைப் பாராட்டிய இடத்திலும், இனி நடக்க வேண்டியதைச் சேர்ந்து யோசித்த இடத்திலும் குணமடைந்தவர் அதிகம். வைத்தியத்துக்குச் சம்பந்தமில்லாத வளவளப்பு அதிகமான இடத்தில் குணமடைந்தவர் குறைவு. இதற்கு யந்திரம் வேண்டுமா, நம் பாட்டிக்கே தெரியுமே என்று சொல்லலாம். பாட்டிக்குத் தெரிந்தது பல. அவற்றில் சரியானதும் உண்டு, தப்பானதும் உண்டு. எது எதென்று எண்ணிப் பார்த்தபிறகுதானே தெரியும்? அன்றியும், எண்ணிப் பார்த்தவர்களே இதைச் சம்பந்தம் என்றுதான் சொன்னார்களே தவிர, காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை. முன்னமே குணமாகி வருகிறவனை வைத்தியர் அதிகமாய்ப் பாராட்டியிருக்கலாமல்லவா? தன் முடிவிலேயே இப்படி ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு பேசுவதுதான் விஞ்ஞானம். எந்தக் குறிசொல்லியாவது தன் குறியைப் பற்றி இப்படிப் பேசிக் கேட்டதுண்டா?

வைத்தியரின் சொல்லைப் போலவே நோயாளியின் சொல்லையும் எண்ணியிருக்கிறார்கள். 2004ல் அமெரிக்காவில், மனச்சோர்வுள்ள மாணவர்கள் எழுதிய கட்டுரைகளில் 'நான்' என்ற சொல் மற்றவர்களைவிட அதிகமாக வந்திருப்பதைக் கண்டார்கள். 2018ல் இங்கிலாந்தில், மக்கள் இன்டர்நெட்டில் கூடி எழுதும் 63 இடங்களின் எழுத்தை எண்ணி, மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களின் எழுத்தில் 'எப்பொழுதும்', 'ஒருபோதும்', 'முழுவதும்' என்பதுபோல் இடைவெளியே விடாத சொற்கள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். 2022ல் வெளியான இன்னோர் ஆராய்ச்சி, செல்போன் எழுத்தில் வைத்தியம் பெற்ற 6,000க்கு மேற்பட்டவர்களைப் பார்த்தது. வைத்தியம் நடக்க நடக்க அவர்கள் எழுத்தில் தன்னையே குறிக்கும் சொல்லும், இந்தக் கணத்தையே பிடித்துக்கொண்டிருக்கும் சொல்லும் குறைந்து, தன் துன்பத்தைச் சற்று எட்டி நின்று பார்க்கும் பேச்சு கூடி வந்தது. நோயும் தணிந்து வந்தது. இவையெல்லாம் கூட்டத்தின் சராசரியில் தெரிகிற சிறு வித்தியாசங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில் 'நான்' என்ற சொல்லுக்கும் மனச்சோர்வுக்கும் உள்ள தொடர்பு உண்மையே, ஆனால் சிறியதே என்றுதான் 2017ல் முடிவாயிற்று. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரன் 'நான், நான்' என்கிறானே, அவனுக்கு நோய்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது அநேகமாக வெறும் அகம்பாவமாயிருக்கும்.

இனி நம் பாஷைக்கு வருவோம். மேலே சொன்ன கணக்கெல்லாம் இங்கிலீஷில் எடுத்தவை. தமிழனுக்கு அதை அப்படியே போட்டுப் பார்க்கலாமா என்றால், கூடாது என்பது நம் அபிப்பிராயம். இங்கிலீஷ்காரன் 'நான்' என்று சொல்லாமல் வாக்கியம் பேச முடியாது. தமிழனோ 'வந்தேன், படுத்தேன், தூக்கம் வரல' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். 'நான்' என்பது வினையின் வாலிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'எனக்குப் பிடிக்கல', 'எனக்குத் தோணல' என்று சொல்லும்போது 'நான்' வருவதேயில்லை. சொந்தத் தாயைக்கூட 'எங்க அம்மா' என்பானே தவிர 'என் அம்மா' என்று சொல்லுவது குறைவு. 'நாங்கள்' என்று எண்ணும் யந்திரம், இவன் ஊரோடு ஒட்டி வாழ்கிறவன் என்று நினைத்துக்கொள்ளும். 'யாருமே வரல, ஒண்ணுமே சரியில்ல, எப்பவுமே இப்படித்தான்' என்பதில் இடைவெளியில்லாத அந்த இருட்டை ஏகாரம் என்னும் ஒரே எழுத்து சுமக்கிறது. தனிச்சொல்லாய் எண்ணுகிறவன் அதைத் தவற விடுவான்.

நம் நாஞ்சில் நாட்டுப் பேச்சோ இன்னும் ஒரு படி தனி. மனம் உடைந்தவன் 'மனம்' என்ற சொல்லை எடுக்கவே மாட்டான். 'வய்யா' என்பான், 'நெஞ்சு அடைக்கு' என்பான், 'தலை கனக்கு, கை கால் ஓடல' என்பான். கேட்கிறவருக்குப் பழக்கமில்லையானால் மாரடைப்புக்கும் வாயுவுக்கும் மருந்து எழுதி அனுப்பிவிடுவார். பாதி மலையாளம் கலந்த இந்தப் பேச்சையே நம் இளைஞர்கள் செல்போனில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புகிறார்கள். இதைப் படிக்கத் தெரிந்த யந்திரத்துக்கு இங்கே பிறந்து வளர்ந்தவர்களே வாத்தியார்களாயிருக்க வேண்டும். ஆளில்லையா? ஆள் இருக்கிறது. 2022ல், எழுத்தைக் கொண்டு மனச்சோர்வின் அடையாளத்தைக் கண்டுபிடிக்கும் ஒரு சர்வதேசப் போட்டியை நடத்தியவர்களில் சென்னைக்கடுத்த எஸ்.எஸ்.என். பொறியியற் கல்லூரியைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் எடுத்துக்கொண்ட எழுத்து இங்கிலீஷ் எழுத்து. அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சேகரித்து வைத்த எழுத்து எந்தப் பாஷையில் கிடைக்கிறதோ அதில்தானே வேலை செய்ய முடியும்? குறை, தமிழில் அதைச் சேர்த்து வைக்காத நம்முடையதாகும்.

கணக்கு மாத்திரம் போதாது, ஊரும் தெரிய வேண்டும் என்பதற்கு நம் கடற்கரையே உதாரணம். 2017ஆம் வருஷம் நவம்பர் கடைசியில் அடித்த ஒக்கிப் புயலில் நம் ஜில்லாவின் கடலோர ஊர்களிலிருந்து போன மீனவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. பலருடைய உடலும் கிடைக்கவில்லை. அந்த வீட்டுப் பெண் ஒருத்தி தன் புருஷனைப் பற்றி எழுதினால் 'இருக்காரு' என்று எழுதுவாளா, 'இருந்தாரு' என்று எழுதுவாளா? இறந்தகாலமா, நிகழ்காலமா என்று வினையை மாத்திரம் எண்ணும் யந்திரம், இதைப் புத்தி பேதலிப்பு என்று குறித்துவிடும். ஊர் தெரிந்தவனுக்கு அது என்னவென்று தெரியும். துக்கத்தை நோய் என்பதும் தப்பு; நோயைத் துக்கம் என்று விட்டுவிடுவதும் தப்பு. இரண்டையும் பிரித்தறிய ஒரு மனிதன் எதிரில் இருந்துதான் ஆக வேண்டும்.

இவ்விடத்தில் நம் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கோமரத்தாடியை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர்முன் கைகட்டி நின்றால் அதற்குப் பெயர் பகுத்தறிவல்ல. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சொன்ன நிம்ஹான்ஸ் கணக்கின்படி, எந்த ஒரு சமயத்திலும் 1,000 பேரில் சுமார் 27 பேர் மனச்சோர்வில் இருக்கிறார்கள். நோயுள்ளவர்களில் 100க்கு 80 பேரைச் சரியாய்க் கண்டுபிடித்து, நோயில்லாதவர்களில் 100க்கு 10 பேரை மாத்திரம் தப்பாய்ப் பிடிக்கிற யந்திரம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல யந்திரமென்றுதான் யாரும் சொல்லுவார்கள். அது 1,000 பேரைப் பார்த்தால் 27 பேரில் 22 பேரைப் பிடிக்கும். மீதி 973 பேரில் 97 பேரையும் பிடிக்கும். ஆக, அது பிடித்த 119 பேரில் 97 பேருக்கு நோயே கிடையாது! இதை ஒரு டாக்டர் கையில் கொடுத்தால், விசாரித்துப் பார்த்து 97 பேரை வீட்டுக்கு அனுப்பி 22 பேருக்கு வைத்தியம் செய்வார். ஒரு முதலாளி கையிலோ, இன்ஷூரன்ஸ் கம்பெனி கையிலோ, பெண் பார்க்கும் வீட்டார் கையிலோ கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மேலும், யந்திரம் பேசினால் மனிதன் மயங்குவது புதிதல்ல. 1966ல் அமெரிக்காவில் வைசன்பாம் என்னும் பேராசிரியர் 'எலைசா' என்றொரு புரோகிராம் எழுதினார். நோயாளி சொன்ன சொல்லையே திருப்பிக் கேள்வியாய்ப் போடுவதைத் தவிர அதற்கு ஒன்றும் தெரியாது. அப்படியிருந்தும் ஜனங்கள் அது தங்களைப் புரிந்துகொண்டதாக நம்பி மனம்விட்டுப் பேசியதைப் பார்த்து, அதைச் செய்தவரே திடுக்கிட்டு, யந்திரத்துக்கு மனித ஸ்தானம் கொடுக்கக்கூடாதென்று பிற்காலம் முழுவதும் எச்சரித்து வந்தார். கல்லுக்குக் கண் வைத்துக் கும்பிட்ட பழக்கம் கண்ணாடிப் பலகையின் முன்னும் தொடரக் கூடாது.

இன்னொரு ஆபத்து ரகசியம் சம்பந்தமானது. மனநோயாளி வைத்தியரிடம் சொல்லுவது, பெற்ற தாயிடமும் சொல்லாத சொல். பின்லாந்து தேசத்தில் ஒரு பேச்சு வைத்திய ஸ்தாபனத்தின் கம்ப்யூட்டரிலிருந்து 30,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் குறிப்புகள் திருடப்பட்டு, 2020ல் அந்த நோயாளிகளையே மிரட்டிப் பணம் கேட்டார்கள். அமெரிக்காவில் இன்டர்நெட் வழியாக மனநல வைத்தியம் நடத்தும் ஒரு பெரிய கம்பெனி, நோயாளிகளின் விவரத்தை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்ததாக 2023ல் அந்நாட்டு அதிகாரிகள் நடவடிக்கை எடுத்து, 78 லட்சம் டாலர் கட்டும்படி செய்தார்கள். நம் நாட்டு 2017ஆம் வருஷச் சட்டத்தின் 23வது பிரிவும் நோயாளியின் ரகசியத்தை அவன் உரிமையாக்கியிருக்கிறது. ஏட்டிலிருக்கும் உரிமையைக் கேட்டு வாங்குகிறவன் இருந்தால்தான் அது உரிமை.

ஆகவே நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். மனநோயாளியின் சொல்லைத் தமிழில், அவன் ஊர்ப் பேச்சில் கேட்டு ஆராய வேண்டும். சர்வகலாசாலைகளும் வைத்தியக் கல்லூரிகளும் அதை மேற்கொள்ள வேண்டும். நோயாளிக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்லி, அவன் மனமுவந்து சம்மதித்த எழுத்தை மாத்திரம், பெயரும் ஊரும் நீக்கி எடுக்க வேண்டும். மறுக்கிறவனுக்கு வைத்தியத்தில் ஒரு குறையும் வரக்கூடாது. கண்ட முடிவுகளை யாரும் சோதிக்கும்படி பகிரங்கமாக வைக்க வேண்டும். யந்திரத்தின் கணக்கு வைத்தியரைத் திருத்துவதற்குப் பயன்பட வேண்டுமே தவிர, வைத்தியரை நீக்கிச் செலவை மிச்சம் பிடிப்பதற்குப் பயன்படக் கூடாது. அடிக்க வருகிற நோய்க்கு எதிரில் ஏழைக்கு யந்திரம், பணக்காரனுக்கு மனிதன் என்ற புதிய வருணாசிரமம் கிளம்புமானால் அதையும் எதிர்க்க வேண்டியதே நம் கடமை.

இவையெல்லாம் நடந்து முடியும் வரையில் வீட்டிலிருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் 90,000 மணி நேரம் படித்துச் சொன்ன பாடம், வளவளப்பை விட்டுக் காரியத்தைக் கேள், செய்த முயற்சியைப் பாராட்டு, நாளைக்கு என்னவென்று சேர்ந்து யோசி என்பதாகும். இதற்கு யந்திரமும் வேண்டாம், காசும் வேண்டாம். உங்கள் வீட்டில் ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டால், 'வய்யா' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னால், சோம்பல் என்று ஏசாமலும், பேய் என்று இழுத்துப் போகாமலும், பக்கத்தில் உட்கார்ந்து என்ன செய்கிறதென்று கேளுங்கள். சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்தாலும் அதை விளையாட்டென்று தள்ளாமல், தனியே விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். போக வழியில்லையென்றால் 14416க்குப் பேசுங்கள். இரவானாலும் பகலானாலும் அங்கே கேட்பதற்கு ஆள் உண்டு. கோமரத்தாடிக்குக் கொடுக்கப்போகும் சேவலை வீட்டிலேயே குழம்பு வைத்து, சாப்பிடாமல் கிடக்கும் அந்தப் பெண்ணுக்கு முதலில் கொடுங்கள். அவள் சாப்பிட்டுக்கொண்டே இரண்டு வார்த்தை பேசினால், அதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.